சில்க் ஸ்மிதாவின் பிறந்தநாள்

பவானியிலிருந்து ஈரோடு 15 கிலோமீட்டர். அங்கே தேநீர்க் கடை நடத்தும் ஒருவர் சில ஆண்டுகளாக டிசம்பர் 2ஆம் தேதி சில்க் ஸ்மிதாவின் பிறந்தநாளைக் கொண்டாடி வருகிறார். கடையில் அவருடைய படங்கள் இருக்கின்றன. அன்றைக்குக் கேக் வெட்டுகிறார், இல்லாதவர்களுக்கு உதவி செய்கிறார். தொலைக்காட்சிக்காரர்களும் யூடியூப் சேனல்காரர்களும் வந்து அதைப் படம்பிடிக்கிறார்கள். சில நிமிடங்களே ஓடும் அந்தப் பதிவுகளைப் பார்க்கிறவர்களில் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் நெகிழ்கிறார்கள்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு ஒன்றைக் கவனித்தேன். அவர் கொண்டாடுவது செப்டம்பர் 23 அல்ல. சில்க் ஸ்மிதாவைப் பற்றிப் பேசுகிற பெரும்பாலோர் 1996இன் அந்த நாளிலிருந்து, சென்னை வீட்டில் அவர் இறந்து கிடந்த காட்சியிலிருந்து தொடங்குகிறார்கள். முடிவைச் சொல்லிவிட்டு, அதற்கேற்ற வாழ்க்கையைப் பின்னோக்கிக் கட்டுகிறார்கள். இந்தத் தேநீர்க் கடைக்காரர் அவர் பிறந்ததைக் கொண்டாடுகிறார். அந்த அன்பை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதை அப்படியே வாழ்த்திவிட்டுப் போகவும் முடியவில்லை. ஒரு நடிகையின்மேல் ஒரு ஊர் வைக்கும் அன்பு எதனால் ஆனது, அது அவருக்கு என்ன கொடுத்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

விஜயலட்சுமி 1960இல் ஆந்திரத்தின் ஏலூரு அருகே கொவ்வலி என்னும் கிராமத்தில் பிறந்தவர். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. சிறு வயதில் திருமணம் செய்துவைத்தார்கள். அந்த வீட்டிலிருந்து வெளியேறி சென்னைக்கு வந்தார். நடிகைகளுக்கு முகப்பூச்சு சரிசெய்யும் டச்சப் வேலையில்தான் சினிமாவுக்குள் நுழைந்தார். மலையாள இயக்குநர் ஆன்டனி ஈஸ்ட்மேன் 'இணையைத் தேடி' படத்தில் ஸ்மிதா என்று பெயர் வைத்தார். 1980இல் வினு சக்கரவர்த்தி எழுதி, கே. விஜயன் இயக்கிய 'வண்டிச்சக்கரம்' வந்தது. சிவகுமாரும் சரிதாவும் நடித்த அந்தப் படத்தில் சாராயக் கடைப் பெண்ணாக இவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் சில்க். பாத்திரத்தின் பெயர் ஆளின் பெயரானது. 'அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தது யார்' என்று இன்றும் ஒரு வாதம் நடக்கிறது. கணவன் வீட்டைவிட்டு வெளியேறி, மொழி தெரியாத ஊரில் வேலை தேடிக்கொண்ட பெண்ணை யாரோ கண்டெடுத்ததாகச் சொல்வதே விநோதம்தான். முதல் முடிவை எடுத்தவர் அவர்.

அடுத்த ஆண்டே 'அலைகள் ஓய்வதில்லை'யில் எலிசி என்ற மனைவியாக, கவர்ச்சி ஏதுமில்லாத வேடத்தில் நடித்தார். பாரதிராஜாவின் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு, இவரால் என்ன முடியும் என்பது அப்போதே தெரிந்திருக்கும். சாவித்திரி, சுஜாதா, சரிதா போலக் குணச்சித்திர நடிகையாகவே விரும்பியதாக அவரும் பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆனால் 1982இல் 'சகலகலா வல்லவன்', 'மூன்றாம் பிறை', 'கோழி கூவுது' என்று படங்கள் குவிந்தன. வேடங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டன. 17 ஆண்டுகளுக்குள் ஐந்து மொழிகளில் 450க்கும் மேற்பட்ட படங்கள். சராசரியாக மாதத்துக்கு இரண்டு. இதை நாம் 'கவர்ச்சி' என்கிறோம். உழைப்பு என்று எழுதிய பக்கங்கள் மிகக் குறைவு.

இந்த உழைப்புக்கும் எங்கள் பகுதிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தமிழ் சினிமா வியாபாரத்தில் தமிழ்நாடு 'ஏரியா'க்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பவானி கோவை ஏரியாவில் வரும். கொங்கு நாடு சினிமாவுக்குப் புதியதல்ல. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் புரொஜக்டரை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டியவர், 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். பிறகு சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோ, பக்கத்தில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எல்லாம் எழுந்தன. ஸ்டுடியோக்கள் சென்னையில் குவிந்த பிறகும் படம் வாங்கும் ஏரியாவாகக் கோவையின் செல்வாக்கு குறையவில்லை. எண்பதுகளில் படம் வாங்க வந்த விநியோகஸ்தர்கள் சில்க் பாட்டு இருக்கிறதா என்று கேட்டதும், விற்காமல் பெட்டியில் கிடந்த படங்களில் அவர் ஆடிய ஒரு பாட்டைச் சேர்த்த பிறகு வியாபாரம் ஆனதும் திரையுலகினர் திரும்பத் திரும்பச் சொன்ன செய்திகள். ஒருவர் சில நாட்கள் ஆடிய ஆட்டம் ஒரு முழுப் படத்தின் கடனைத் தீர்த்திருக்கிறது. அவரே பின்னாளில் படத் தயாரிப்பில் இறங்கியபோது நஷ்டம்தான் மிஞ்சியது.

பவானியில் இருப்பவர்களுக்கு இது புரியும். இங்கே நெய்த ஜமுக்காளத்தில் உட்காராத கல்யாண வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. உட்கார்கிற எவரும் நெய்தது யார் என்று கேட்பதுமில்லை.

எங்கள் ஊர்க் கொட்டகையில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று நடுவில் ஒரு குட்டைச் சுவர் இருந்தது. சில்க் வரும் பாட்டுக்கு அந்தப் பக்கம் விசில் பறக்கும். இந்தப் பக்கம் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். ரசிகர் என்ற சொல் விசிலடித்தவர்களுக்கு மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த பெண்களை யாரும் எண்ணவில்லை. வீதியிலோ அந்தப் பெயர் வசவாகத்தான் இருந்தது. கொஞ்சம் மை தீட்டினால், தாவணியைச் சற்றுத் தளர்த்திக் கட்டினால், 'பெரிய சில்க்குனு நெனப்பு' என்ற சொல் வந்து விழும். திரையில் அவரைக் காசு கொடுத்துப் பார்த்த அதே ஊர், வீட்டுப் பெண்களை அடக்கவும் அவர் பெயரையே பயன்படுத்தியது.

என் சின்னம்மா குழித்தறியில் உட்காருகிறவர். ஜமுக்காளத் தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள்; பேச்சுக்குக் குறைவிருக்காது. சில்க் ஸ்மிதா செத்துப்போன செய்தி வந்த அன்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "பாவம் கண்ணு அந்தப் புள்ளை. ஆடுனது அவொ, காசு பாத்தது ஆரோ." கூலிக்கு நெய்கிற பெண்ணுக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்திருந்தது. அதற்குப் பிறகு நான் படித்த கட்டுரைகள் பலவற்றில் இந்தக் கணக்கு இல்லை.

இந்த அன்புக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. அவர் புகழின் உச்சியில் இருந்தபோது பத்திரிகைகளில் ஒரு புகார் சுற்றியது. சிவாஜி கணேசன் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார் என்பதே அது. படத்தில் எத்தனை குறைந்த உடையில் ஆடினாலும் பார்க்கத் தயாராக இருந்தவர்களுக்கு, நாற்காலியில் தன் விருப்பப்படி உட்கார்ந்ததைப் பொறுக்க முடியவில்லை. கால்மேல் கால் என்பது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயமல்ல. பெரியவர்கள் முன்னால் பெண் கட்டிலில் உட்காரக் கூடாது, பண்ணையத்தில் வேலைக்கு வருகிறவர் திண்ணையில் உட்காரக் கூடாது என்பதெல்லாம் ஒரே சட்டத்தின் உட்பிரிவுகள். அந்தச் சட்டத்தை ஒரு நடிகை மீறியதாகத்தான் அந்தப் புகாரைப் படிக்க வேண்டும்.

இத்தனைக்கும் அந்த ஆண்டுகளில் பவானி இருந்த மாவட்டத்துக்குப் பெரியார் மாவட்டம் என்று பெயர். 1979இல் கோவையிலிருந்து பிரிக்கப்பட்டபோது வைத்த பெயர் அது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில்தான் ஈரோடு மாவட்டம் என்று மாறியது. ஏறக்குறைய சில்க் ஸ்மிதாவின் திரைவாழ்க்கை முழுவதும் அந்தப் பெயரின் கீழ்தான் அவருடைய படங்களை இங்கே பார்த்தோம். கற்பு என்பதைப் பெண்ணுக்கு மட்டும் விதிப்பது அடிமைத்தனம் என்று 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலின் முதல் அத்தியாயத்திலேயே வாதிட்டவரின் பெயரைப் பலகைகளில் எழுதிவைத்துக்கொண்டு, கொட்டகைக்கு வெளியே அவரைக் கற்பை வைத்தே அளந்தோம்.

உயிரோடிருக்கும் நடிகை வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதை 2005இல் குஷ்பு விஷயத்தில் பார்த்தோம். திருச்சியில் ரசிகர்கள் கோயில் கட்டியதாகப் பேசப்பட்டவர் அவர். திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றியும் பாதுகாப்பு பற்றியும் ஒரு பேட்டியில் கருத்துச் சொன்னதும் துடைப்பமும் செருப்பும் தூக்கப்பட்டன. 20க்கும் மேற்பட்ட வழக்குகள் போடப்பட்டன. 2010இல் உச்ச நீதிமன்றம்தான் அவற்றைத் தள்ளுபடி செய்தது. இறந்துபோன நடிகையிடம் இந்த ஆபத்து இல்லை. அவர் இனிப் பேட்டி கொடுக்க மாட்டார். அவர்மேல் அன்பு வைப்பது எளிது.

அதனால்தான் இறப்புக்குப் பிறகு அவரை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, அவர் பிறந்தநாளிலேயே, 'தி டர்ட்டி பிக்சர்' இந்தியில் வெளியானது. இது சில்க் ஸ்மிதாவின் கதை மட்டுமல்ல என்று படக்குழு ஒரு பக்கம் சொன்னாலும், விற்றது அவர் வாழ்க்கைதான். வித்யா பாலனுக்குத் தேசிய விருது கிடைத்தது. 2018இல் சாவித்திரியின் வாழ்க்கை 'மகாநடி'யாகத் தெலுங்கில் வந்தது. கீர்த்தி சுரேஷுக்கும் தேசிய விருது. சாவித்திரியும் ஆந்திரத்திலிருந்து வந்தவர், சினிமாவில் உழைத்தவர், படமெடுத்து நொடிந்தவர். ஒருவர் கதைக்கு 'மாபெரும் நடிகை' என்று தலைப்பு, மற்றவர் கதைக்கு 'அழுக்குப் படம்' என்று தலைப்பு. 2023இல் 'மார்க் ஆண்டனி'யில் அவர் சாயல்கொண்ட ஒருவரை அவராகவே தோன்ற வைத்தார்கள், அரங்கம் ஆர்ப்பரித்தது. இத்தனை காலத்துக்குப் பிறகும் அவர் முகம் டிக்கெட் விற்றுக் கொடுக்கிறது.

ரசிகர்களைப் பற்றி நம்மிடம் ஆய்வுகளும் படங்களும் உண்டு. எம்.ஜி.ஆர். பிம்பம் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதினார். மதுரையில் ஏழை மக்களின் சினிமா பற்றி சாரா டிக்கி 1993இல் எழுதினார். ரஜினி ரசிகர்களைப் பற்றி ரிங்கு கல்சி என்ற பெண் இயக்கிய 'ஃபார் தி லவ் ஆஃப் எ மேன்' 2015இல் வந்தது. ஓர் ஆணின்மேல் ஆண்கள் வைக்கும் அன்பைப் பொறுமையாகப் பின்தொடரும் ஆவணப்படம் அது. அந்த அன்புக்கு மன்றம் உண்டு, கொடி உண்டு, அரசியல் கனவும் உண்டு. நடிகையின்மேல் வைக்கும் அன்புக்கு இவை எதுவும் இல்லை. ஈரோட்டுக்காரருக்கு இருப்பது ஒரு தேநீர்க் கடை. ஆண் நட்சத்திரத்தின் ரசிகர் தலைவனுக்குப் பின்னால் நடக்கிறார். இவரோ ஊர் கேலி செய்த ஒரு பெயரைத் தன் கடையில் மரியாதையோடு மாட்டியிருக்கிறார். அதற்கும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கடையிலிருந்து தொடங்கும் ஓர் ஆவணப்படத்தை நான் மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். கேமரா கேக்கில் தொடங்கட்டும், ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். ஒரு பாட்டுக்கு எத்தனை நாள் படப்பிடிப்பு நடந்தது, அவருக்குப் பின்னால் ஆடிய பெண்களுக்கு என்ன கூலி, அந்த உடைகளைத் தைத்தவர்கள் யார், படங்களில் அவருக்காகக் குரல் கொடுத்தவர்கள் யார் என்று அது கேட்கட்டும். 'மூன்றாம் பிறை' படமாக்கப்பட்ட கேத்தி ரயில் நிலையத்துக்குப் போகட்டும். அந்தப் படத்தின் நினைவில் ஸ்ரீதேவிக்குக் கிடைத்த இடத்தையும் இவருக்குக் கிடைத்த இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். விசிலடித்தவர்களோடு குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்களிடமும் பேசட்டும். அவர்களில் பலருக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல். தறியை விட்டு எழுந்துவிட்டார்கள், ஆனால் நினைவு இருக்கிறது.

ரசிகரின் அன்பு அவரைக் கொண்டாடும். அவர் செய்த வேலைக்குக் கணக்கு எழுத அந்த அன்பு மட்டும் போதாது. உடன் வேலை செய்தவர்களின் சாட்சியமும், பார்த்த பெண்களின் சாட்சியமும் வேண்டும். என் சின்னம்மாவிடம் நான் அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அடுத்த டிசம்பர் 2க்குள் ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பாட்டுகளைப் பார்த்தபோது நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்யப்போகிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். கேளுங்கள்.