மதிப்பெண்ணும் இரத்தமும்: சேலம், நாமக்கல் சமவெளியில் கர்ப்பகால இரத்தசோகையும் ‘விழிப்புணர்வு’ என்னும் அளவுகோலும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் செவிலியர் கல்லூரிகள் நிறைய. அவற்றின் முதுநிலை மாணவியர் எழுதும் ஆய்வேடுகளில் ஒரு தலைப்பு ஓயாமல் திரும்பி வரும்: இரத்தசோகைத் தடுப்பு பற்றிக் கர்ப்பிணிகளுக்கு உள்ள அறிவை மதிப்பிடுதல். முறையும் ஏறக்குறைய ஒன்றே. பரிசோதனைக்கு வந்த சில பத்துப் பேரிடம் ஒரு வினாத்தாள் தரப்படும். பிறகு படங்களோடு ஒரு வகுப்பு. சில நாள் கழித்து அதே வினாத்தாள். மதிப்பெண் கூடியிருக்கும்; கற்பித்தல் பயன் தந்தது என்று முடிவுரை எழுதப்படும். அந்த மாணவிகள் தாய்மாரோடு உட்கார்ந்து பேசும் அரைமணி நேரம் மதிப்புள்ளது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வினாத்தாளுக்குள் ஒரு முன்முடிவு இருக்கிறது: இந்தப் பெண்ணுக்குத் தெரியாததால்தான் இவளுக்கு இரத்தம் குறைந்தது என்பது. அந்த முன்முடிவு இந்தச் சமவெளிக்குப் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் எண்களைப் பார்ப்போம். தேசிய குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்றில் (2015-16) தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 44.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. ஐந்தாம் சுற்றில் (2019-21) அது 48.3 ஆனது. நாடு முழுவதற்குமான எண் 50.4இலிருந்து 52.2க்கு உயர்ந்தது. இதே இடைவெளியில், நூறு நாளாவது சத்து மாத்திரை சாப்பிட்டதாகச் சொன்ன தாய்மாரின் பங்கு நாட்டளவில் 30.3இலிருந்து 44.1 விழுக்காடாகக் கூடியது; தமிழ்நாடு இரு சுற்றிலும் அந்தச் சராசரிக்கு வெகு மேலே இருந்தது. மருத்துவமனைப் பிரசவம் இங்கே நூற்றுக்கு 99க்கு மேல். ஆக, பெண்கள் வருகிறார்கள், பதிவு செய்கிறார்கள், மாத்திரை வாங்குகிறார்கள். இரத்தம் மட்டும் ஏறவில்லை. விரல் நுனியில் குத்தி எடுத்த துளி இரத்தத்தில் பார்த்த அளவுகள் இவை. நரம்பில் எடுக்கும் இரத்தத்தில் சோகையின் விகிதம் குறைவாகவே வரும் என்று அறிஞர்கள் வாதிடுவதும் நியாயமே. ஆனால் இரு சுற்றிலும் விரல் நுனிதான் அளக்கப்பட்டது. ஆகவே சரிவு ஏன் இல்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பதிலின் ஒரு பாதி காலக்கணக்கில் இருக்கிறது. ஒரு கர்ப்பத்துக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும்: சிசுவுக்கும் நஞ்சுக்கொடிக்கும் சுமார் 300, தாயின் கூடுதல் சிவப்பணுக்களுக்கு 500, அன்றாட இழப்புக்கு மீதி. தேவை பெரிதும் பிற்பாதியில்தான் குவிகிறது. அப்போது நாளொன்றுக்கு ஆறு, ஏழு மில்லிகிராம் உடலுக்குள் சேர வேண்டும். கலப்பு உணவு அவ்வளவைத் தராது. முன்பே உடலில் சேர்த்து வைத்த இருப்பு கைகொடுக்க வேண்டும். மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து இருப்பே சேராத ஒரு பெண் மாசமான பிறகு மூன்றாம் மாதத்தில் வகுப்பில் உட்காருகிறாள். அவளிடம் ‘தடுப்பு’ பற்றிக் கேட்கிறோம். தடுப்புக்குரிய காலம் பள்ளியிலேயே கடந்துவிட்டது. வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை என்ற திட்டம் இருப்பது இதற்காகத்தான். எட்டாவதோடும் பத்தாவதோடும் படிப்பை நிறுத்திவிட்டுத் தறிக்கும் மில்லுக்கும் போன பெண்ணுக்கு அந்த மாத்திரை வந்து சேர்ந்ததா என்பது, அவளுக்கு இரும்புச்சத்து உணவுகளின் பட்டியல் தெரியுமா என்பதைவிட முதன்மையான கேள்வி.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘அறிவு’ என்ற சொல் மிகவும் சிக்கலாவது இங்கேதான். வினாத்தாள்களில் சரியான விடையாக அடிக்கடி வருபவை பீட்ரூட், மாதுளை, பேரீச்சை. சிவப்பாக இருப்பது இரத்தம் ஊறச் செய்யும் என்ற நம்பிக்கையைப் படித்தவர்களும் சுமக்கிறார்கள். பீட்ரூட்டில் நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. மாதுளையில் அதனினும் குறைவு. மறுபக்கம், இந்தச் சமவெளியின் பாட்டிமார் ‘ரத்தம் பத்தல’ என்றதும் கறிக்கடையில் சுவரொட்டி சொல்லி வைத்து வாங்கிவரச் சொல்வார்கள். ஆட்டு மண்ணீரலாகிய அது ஈரலைக் காட்டிலும் பல மடங்கு இரும்பு கொண்டது. அந்த இரும்பு கீரையின் இரும்பைவிட எளிதில் உடலில் சேர்வதும் கூட. பாட்டியின் விடை சரி, வினாத்தாளின் விடை அரைகுறை. எவருடைய விழிப்புணர்வை எவர் அளப்பது?

நாமக்கல் என்றதும் முட்டை நினைவுக்கு வரும். சத்துணவு மையங்களுக்குப் போகும் முட்டையில் பெரும் பங்கு இங்கிருந்துதான். கர்ப்பிணிக்கு முட்டை நல்லது: புரதம் உண்டு, பி12 உண்டு. ஆனால் இரும்புக்கு முட்டையை நம்ப முடியாது. ஒரு முட்டையில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இருக்கும். மஞ்சள் கருவில் உள்ள ஒரு புரதம் அதையும் இறுகப் பிடித்துக்கொண்டு குடலுக்கு விடாது. ‘தினமும் முட்டை சாப்பிடறேனுங்க, அப்பவும் ஹெச்பி எட்டுல நிக்குது’ என்று ஒரு பெண் சொன்னால் அவள் பொய் சொல்லவில்லை. கம்பிலும் கேழ்வரகிலும் இரும்பு உண்டு, அதைத் தடுக்கும் பைட்டேட்டும் உண்டு. இரவெல்லாம் புளிக்கவைத்த கம்மங்கூழிலும் முளைகட்டிய ராகியிலும் அந்தத் தடை குறைகிறது. ரேஷன் அரிசி கூழை ஓரங்கட்டியபோது ஒரு தானியத்தோடு ஒரு செய்முறையும் வீட்டைவிட்டுப் போயிற்று.

மாத்திரைக்கு வருவோம். தேசிய அளவில் இரும்பு மாத்திரைத் திட்டம் தொடங்கியது 1970இல். 2018இல் வந்த இரத்தசோகையற்ற பாரதம் திட்டத்தின்படி 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் சேர்ந்த சிவப்பு மாத்திரை கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியோடு தரப்படும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக்கும் இருக்கிறது. பொருள் கைக்கு வந்துவிடுகிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கத்துத் தறிப்பட்டறையில் நிற்கும் பெண்ணுக்கு அதை விழுங்கும் நேரம் எது? காலையில் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல். சாப்பிட்ட பிறகு போட்டால், அதோடு டீயும் வந்துவிடும். தறிச்சத்தத்துக்கு நடுவே ஒரு நாளைக்கு எத்தனை முறை டீ வரும் என்பது அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். டீயின் டானின் இரும்பைக் குடலிலேயே கட்டிப் போடுகிறது. மலச்சிக்கல் வந்தால், ஷிப்டின் நடுவே கழிப்பறைக்குப் போக முடியாதவள் அடுத்த நாள் மாத்திரையை எடுக்கமாட்டாள். மலம் கறுத்ததைப் பார்த்துக் குழந்தையும் கறுப்பாகப் பிறக்குமோ என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. குழந்தை பெருத்து ஆபரேஷனில் முடியுமோ என்ற பயமும் உண்டு. இந்த அச்சங்களைப் போக்க வகுப்பு உதவும், ஐயமில்லை. டீக்கும் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரத்தைத் தருவது வகுப்பின் கையில் இல்லை, பட்டறை முதலாளியின் கையில் இருக்கிறது. அவரிடம் எவரும் வினாத்தாள் நீட்டியதாகத் தெரியவில்லை.

இனி தண்ணீர். இதை நமது ஆய்வேடுகள் பெரும்பாலும் தொடுவதில்லை. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் கடினப்பாறை நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு அளவுக்கு மீறி இருக்கிறது. புளோரைடு குடலின் உட்சுவரிலுள்ள நுண்விரல்களைச் சிதைத்துச் சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது என்று டெல்லியில் ஏ.கே. சுசீலாவும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு வாதிட்டது. குடிநீரையும் உணவையும் மாற்றிப் புளோரைடைக் குறைத்த கர்ப்பிணிகளுக்கு ஹீமோகுளோபின் ஏறியது என்பது அதன் முடிவு. இரத்தசோகையற்ற பாரதம் திட்டமும் சத்துக் குறைவு சாராத காரணங்களில் மலேரியாவோடும் பரம்பரை இரத்தக் கோளாறுகளோடும் புளோரைடு நோயைச் சேர்த்திருக்கிறது. ஒரே ஒரு குழுவின் ஆய்வை வைத்துச் சேலத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் இரண்டு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் அளவு ஏறாத ஒருத்தியை ‘நீ சாப்பிட்டிருக்க மாட்ட’ என்று கடிந்துகொள்வதற்கு முன், அவள் வீட்டில் குடிப்பது காவிரித் தண்ணீரா போர் தண்ணீரா என்று கேட்பது நியாயம். அந்தக் கடிதலைக் கேட்டுத் தலைகுனியும் பெண்களை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

இத்துறையின் வரலாற்றில் நமக்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் வந்து, ஏழைக் கர்ப்பிணிகளை, குறிப்பாக ஆலைத் தொழிலாளிப் பெண்களை வாட்டிய கடுஞ்சோகையை ஆராய்ந்தார். கோடையில் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931இன் தொடக்கத்தில் சென்னையின் கோஷா மருத்துவமனையிலும் (இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை) பணிசெய்தார். கிருமியா, உணவா என்று தேடி, தட்டில் என்ன விழுகிறது என்பதைக் கணக்கெடுத்தார். ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைக் குணப்படுத்துவதை 1931இல் எழுதினார்; அதில் இருந்த பொருள்தான் பின்னாளில் போலிக் அமிலம் என்று அறியப்பட்டது. இன்று சிவப்பு மாத்திரையின் ஒரு பாதி அந்த ஆலைப் பெண்களின் இரத்தத்திலிருந்து கற்றது. அவர்களுக்கு என்ன தெரியும் என்று வில்ஸ் தேர்வு வைத்திருந்தால் அது கிடைத்திருக்காது.

ஆகவே இந்தச் சமவெளியில் அடுத்து எழுதப்படும் ஆய்வேட்டுக்கு வேறொரு வினாத்தாளை முன்வைக்கிறேன். ‘இரும்புச்சத்து உள்ள உணவு எது?’ என்பதை எடுத்துவிட்டு, ‘நேற்று மாத்திரை போட்டபோது மணி எத்தனை, அதற்கு முன்னும் பின்னும் என்ன குடித்தீர்கள்?’ என்று கேட்கலாம். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார், அப்போது குண்டாவில் குழம்பு மிஞ்சியிருந்ததா என்று கேட்கலாம். மூத்த பிள்ளைக்கும் இதற்கும் எத்தனை மாத இடைவெளி, குடற்புழு மாத்திரை இரண்டாம் மும்மாதத்தில் கொடுத்தார்களா, தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து? கூடவே ஒரு தாளைக் கணவருக்கும் மாமியாருக்கும், ஒன்றைப் பட்டறை முதலாளிக்கும், ஒன்றைச் சுகாதார நிலையத்துக்கும் தரலாம். பின் ஒரு வாரத்தில் மதிப்பெண்ணைப் பாராமல், பிரசவம் வரை அதே பெண்ணின் இரத்த அளவை மாதாமாதம் நரம்பிலிருந்து எடுத்துக் குறித்துவரலாம். முதுநிலைப் படிப்பு இரண்டு ஆண்டு. ஒரு கர்ப்பம் பத்து மாதம்.