கைதியின் கல்வியும் கைதியின் கூலியும்: அற்றிக்கா முதல் பெல் மானியம் வரை

சிறையிற் பெற்ற கல்வியைப் பற்றிப் பேசுமிடத்து, இலக்கிய மாணவராகிய நாம் பெரும்பாலும் தனிமனிதரையே முன்னிறுத்தி வந்துள்ளோம். அகராதியைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்துத் தம்மைத் தாமே கற்பித்துக்கொண்ட மல்கம் எக்ஸ் இதற்குத் தக்க உதாரணம். அவர் அடைபட்டிருந்த மசாசூசெற்ஸ் மாநிலத்து நோர்போக் சிறை சீர்திருத்த நோக்குடன் அமைக்கப்பட்டது என்பதும், வளமான நூலகமும் விவாத அணியும் அங்கு இருந்தன என்பதும் எம்மால் அதிகம் கவனிக்கப்படுவதில்லை. மனவுறுதியைப் போற்றும் ஆர்வத்தில், அம்மனவுறுதிக்கு இடந்தந்த நிறுவனத்தை மறந்துவிடுகின்றோம். இது முதலாளித்துவ விமர்சனத்தின் குறை மட்டுமன்று. எம்மவர் பலரின் குறையுமாகும்.

கைதிகளே கல்வியைக் கூட்டாகக் கோரிய நிகழ்ச்சியொன்றிலிருந்து தொடங்குவது பொருத்தமானது. 1971 செப்டெம்பர் 9ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் அற்றிக்கா சிறையிற் கிளர்ச்சி வெடித்தது. கைதிகளிற் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். காவலரோ ஏறத்தாழ அனைவரும் சுற்றுப்புறக் கிராமங்களைச் சேர்ந்த வெள்ளையர். 13ஆம் திகதி ஆளுநர் றொக்பெல்லரின் உத்தரவின்படி ஆயுதப் பொலிசார் உட்புகுந்தனர். அத்தாக்குதலில் 39 பேர் மாண்டனர். அவர்களிற் 10 பேர் பணயமாகப் பிடிக்கப்பட்டிருந்த சிறை ஊழியர். கிளர்ச்சியின் மொத்த உயிரிழப்பு 43.

கொலைக்களமாக மட்டும் அற்றிக்காவை நினைவு கூருவோர் கைதிகள் முன்வைத்த கோரிக்கைகளை ஊன்றிப் படிப்பதில்லை. சிறைக் கல்வி நவீனப்படுத்தப்படல் வேண்டும், ஸ்பானிய மொழி நூலகம் அமைக்கப்படல் வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். அதே பட்டியலில், மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் சிறைக்கும் பொருந்த வேண்டும் என்பதும் உண்டு. அடிமைமுறையை ஒழித்த 1865ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம், குற்றத்துக்கான தண்டனையாக விதிக்கப்படும் கட்டாய உழைப்பை விதிவிலக்காக விட்டுவைத்திருந்தது. அவ்விலக்கினுள் நின்றுகொண்டே கல்வியையும் கூலியையும் ஒருசேரக் கேட்டவர்கள் தம்மைத் திருத்தப்படவேண்டிய நோயாளராகவன்றி, உழைப்பாளராகவே கண்டனர் என்பது எமது கருத்து. பின்வந்த வரலாறு இவ்விரு கோரிக்கைகளும் பிரிக்கப்பட்ட வரலாறாகும்.

1972இல் உருவான, பின்னர் பெல் மானியம் எனப் பெயர்பெற்ற, வறிய மாணவருக்கான கூட்டரசின் உதவி கைதிகளுக்கும் கிட்டியது. 1990களின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான கல்லூரித் திட்டங்கள் சிறைகளில் இயங்கின. ஆனால் 1980இல் மூன்று இலட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த மாநில, கூட்டரசுச் சிறைக் கைதிகளின் தொகை 1994இல் பத்து இலட்சத்தைக் கடந்தது. அவ்வாண்டின் குற்றவியற் சட்டம் கைதிகளுக்கான மானியத்தை முற்றாக நிறுத்தியது. நேர்மையான தொழிலாளியின் பிள்ளைக்குரிய பணம் கொலைகாரனுக்குப் போகிறது என்பதே அன்றைய வாதம். கைதிகளுக்குச் சென்றதோ மொத்த மானியத் தொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கைதிகளை நீக்குவதால், மானியம் மறுக்கப்பட்ட வேறெந்த மாணவருக்கும் அது கிடைக்கப் போவதில்லை என்பதை அரசின் கணக்காய்வு அலுவலகமே அவ்வாண்டில் எடுத்துக் காட்டியிருந்தது.

கணக்கு பொய்த்தும் வாதம் வென்றது ஏன்? றுஷே, கேர்ச்ஹைமர் ஆகியோர் 1939இல் வெளியிட்ட தண்டனையும் சமூக அமைப்பும் பற்றிய நூல் இவ்விடத்தில் உதவுகின்றது. சிறைவாசியின் நிலை, வெளியிலுள்ள மிகக் கீழ்ப்பட்ட உழைப்பாளியின் நிலையிலும் தாழ்ந்திருத்தல் வேண்டும் என்னும் விதியை அவர்கள் விளக்கினர். கல்லூரிக் கட்டணம் உழைக்கும் குடும்பங்களுக்கு எட்டாது உயர்ந்துகொண்டிருந்த காலத்தில், கட்டணத்தை உயர்த்தியோர் மீது எழவேண்டிய கோபம் கைதிமீது திருப்பப்பட்டது.

2015இற் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2020 டிசெம்பரிற் சட்டமாகி, 2023 யூலை 1 முதல் மானியம் முழுமையாக மீண்டது. மீண்டு வந்தபோது அதன் மொழி மாறியிருந்தது. சிறைக் கல்வி பெற்றோர் மீளவும் குற்றத்துக்குத் திரும்பும் வாய்ப்பு விகிதம் 43 சதவீதம் குறைவென றான்ட் நிறுவனம் 2013இற் கணித்தது. அதுவே இப்போது கல்வியின் நியாயமாயிற்று. இதனை வெறும் சீர்திருத்தவாதம் என ஒதுக்கும் தோழர்களோடு நாம் உடன்படவில்லை. பத்தாண்டு அடைபட்டிருப்பவனுக்கு வகுப்பறை அற்ப விடயமன்று. உரிமையாகக் கேட்கப்பட்டது செலவு மிச்சப்படுத்தும் மருந்தாக வழங்கப்படுவதே எமது ஆட்சேபம்.

பட்டத்துடன் வெளியேறுபவருக்கு வாயிலில் நேர்வதென்ன? சமூகவியலாளர் டீவா பேஜர் மில்வோக்கி நகரில் நடாத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒத்த தகைமையுடைய இளைஞர்கள் வேலைக்கு விண்ணப்பித்தனர். குற்றப் பதிவற்ற வெள்ளையரில் 34 சதவீதத்தினரும் பதிவுள்ள வெள்ளையரில் 17 சதவீதத்தினரும் மீள அழைக்கப்பட்டனர். கறுப்பினத்தவரில் இது முறையே 14, 5 சதவீதம். சிறையே செல்லாத கறுப்பர், சிறை சென்ற வெள்ளையரிலும் பின்தங்கியுள்ளமை மனங்கொள்ளத்தக்கது. தகைமை ஒத்திருந்தும் சந்தை முதலில் வாசித்தது நிறத்தையும் பதிவையுமே.

சட்டமும் இதற்குத் துணைநிற்கின்றது. பல தொழில்களுக்கான அனுமதிப்பத்திரம் தண்டனை பெற்றோருக்கு மறுக்கப்படுகின்றது. கலிபோர்ணியாவிற் காட்டுத்தீயை அணைக்கும் பணியில் கைதிகள் நெடுங்காலம் ஈடுபடுத்தப்பட்டனர். விடுதலையான பின் அதே தொழிலிற் சேரத் தடையாயிருந்த பதிவை நீக்குமாறு அவர்கள் நீதிமன்றத்தை நாட 2020இலேதான் சட்டம் வழிசெய்தது. புதிய மானிய விதிகளோ, முன்னாட் கைதிகளைத் தடைசெய்யும் தொழில்களுக்கான பாடநெறிகளிற் கைதிகளைச் சேர்க்கக்கூடாது என்கின்றன. தொழிற்றடை அப்படியே இருக்கப் பாடநெறி நீக்கப்படுகின்றது. பாடநெறி கைதியின் நலனுக்கு உகந்ததா எனத் தீர்மானிப்பதும் சிறைத் திணைக்களமே.

கூலிக் கோரிக்கையோ நிறைவேறவில்லை. டெக்சாஸ் மாநிலத்தில், மானியம் பெற்றுக் கல்லூரிப் பாடம் பயிலும் கைதி, வகுப்பு முடிந்ததும் ஊதியமற்ற சிறை வேலைக்கே திரும்புகின்றார்.