அணுவை விட்டு எலக்ட்ரான் வெளியேறும் நேரம்

போதிய ஆற்றலுடைய ஒளி பட்டால் அணுவிலிருந்து எலக்ட்ரான் வெளியேறும். 1905இல் ஐன்ஸ்டைன் தந்த விளக்கம் அந்த எலக்ட்ரானின் ஆற்றலைக் கணக்கிட உதவியது. வெளியேற எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அது பேசவில்லை. பாடநூல்கள் இதை உடனடி நிகழ்வு என்றே சொல்லிவந்தன.

திண்டுக்கல் அருகே தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தில், நரசிம்மர் இரணியனோடு போரிடுவது ஒரு சிற்பம். அவனை வதைப்பது இன்னொரு சிற்பம். இடையில் நடந்ததைப் பார்ப்பவர்தான் ஊகிக்க வேண்டும். பழைய அளவீடுகளும் அப்படித்தான் இருந்தன. ஒளி படுமுன் அணு, பட்டபின் அயனி, இடைப்பட்டது தெரியாது.

அந்த இடைவெளி அட்டோநொடிகளில் அளக்கப்படுகிறது. ஒரு நொடியை நூறு கோடியாக வகுத்து, அதில் ஒரு பங்கை மீண்டும் நூறு கோடியாக வகுத்தால் கிடைப்பதே ஓர் அட்டோநொடி. 1987இல் பிரான்சில் ஆன் லுயிலியே குழுவினர் அகச்சிவப்பு லேசரை மந்த வாயுவில் செலுத்தியபோது, அதன் அதிர்வெண்ணின் பல மடங்குகளில் புதிய ஒளி பிறந்தது. அந்த வழியில் 2001இல் பாரிசுக்கு அருகே பியர் அகோஸ்தினி 250 அட்டோநொடித் துடிப்புகளின் தொடரையும், வியன்னாவில் ஃபெரென்ஸ் கிரௌஸ் 650 அட்டோநொடித் தனித்துடிப்பையும் பெற்றனர். மூவருக்கும் 2023இல் நோபல் பரிசு கிடைத்தது.

2010இல் கிரௌஸ் குழு நியான் அணுவைச் சோதித்தது. புற ஊதாத் துடிப்பு எலக்ட்ரானை வெளியேற்றும். உடன்வரும் அகச்சிவப்பு அலை, எலக்ட்ரான் வெளிவந்த கணத்துக்கு ஏற்ப அதன் வேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். அந்த மாற்றமே கடிகாரம். 2s எலக்ட்ரானைவிட 2p எலக்ட்ரான் 21 அட்டோநொடி தாமதமாக வந்தது. உடனடி என்ற எண்ணம் அதோடு போயிற்று. ஆனால் கோட்பாட்டுக் கணக்குகளில் வந்த விடை ஏறத்தாழப் பாதி, அல்லது அதற்கும் குறைவு. பிழை கணக்கிலா, கருவியிலா?

கணக்கிட்டவர்களில் சென்னை ஐ.ஐ.டி.யின் பி. சி. தேஷ்முக் குழுவும் உண்டு. ஆஸ்திரேலிய, அமெரிக்க அறிஞர்களோடு சேர்ந்து 2014இல் அவர்கள் நியான், ஆர்கான், கிரிப்டான், செனான் அணுக்களை ஆராய்ந்தனர். சில ஆற்றல்களில் ஒரு கூட்டிலிருந்து எலக்ட்ரான் வெளிவரும் வாய்ப்பு மிகவும் சரியும். இதற்குக் கூப்பர் சிறுமம் என்று பெயர். ஒரு வழியில் அது நேர்ந்தால், மற்ற வழிகளில் வரும் எலக்ட்ரான்களின் தாமதமும் பெரிதும் மாறுகிறது என்று அவர்கள் காட்டினர். ஆகவே எலக்ட்ரான்களைத் தனித்தனியாக வைத்துக் கணக்குப் போட முடியாது.

நியான் புதிரிலும் ஒரு கூட்டு விளைவே ஒளிந்திருந்தது. சில அணுக்களில் ஓர் எலக்ட்ரான் வெளியேறும்போதே இன்னொன்று உயர்நிலைக்குத் தாவுகிறது. அப்படி வெளிவந்தவற்றின் ஆற்றல் 2s எலக்ட்ரான்களின் ஆற்றலுக்கு நெருக்கமாக இருந்ததால், 2010இல் இரண்டும் கலந்துபோயின. 2017இல் சுவீடனின் லுண்ட் நகரில் லுயிலியே குழு அவற்றைப் பிரித்து அளந்தது. விடை கணக்கோடு பொருந்தியது.