அம்மி மஞ்சளும் கார்போபால் ஜெல்லும்

தோலுக்கு மஞ்சள் இடுவதில் இன்று இரண்டு வழிகள் அக்கம்பக்கமாக நடக்கின்றன. ஒன்று தர்மபுரி மாவட்டம் அதியமான்கோட்டைச் சுற்றுவட்டார வீடுகளில் இன்னும் பார்க்கக் கூடியது. பூசுமஞ்சளைக் கல்லில் உரசுவார்கள், அல்லது வேப்பிலையோடு சேர்த்து அம்மியில் அரைத்து அப்படியே பற்றுப் போடுவார்கள். மற்றொன்றைப் பார்மசி கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டப்பணியாகச் செய்கிறார்கள். மஞ்சள் பொடியை எத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுத்து, கார்போபால் ஜெல்லில் கலந்து, குழாயில் அடைத்துச் சோதிக்கிறார்கள். நிறம் ஒன்றாக இருப்பதால் ஜெல் என்பது பற்றின் நாகரிக வடிவம் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். இவை இரண்டு வேறு மருந்துகள் என்பது என் கருத்து. அப்படிப் பார்த்தால்தான் எதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

முதலில், உள்ளே இருப்பது என்ன? காய்ந்த மஞ்சளின் எடையில் சுமார் 2 முதல் 5 சதவீதம் குர்குமினும் அதன் இரு உறவுப் பொருள்களும். இவைதான் மஞ்சள் நிறத்துக்குக் காரணம். 1815-இல் வோகல், பெல்லட்டியே என்ற இருவர் இந்த நிறப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வேதி அமைப்பு 1910-இல்தான் தெரிந்தது. இவை போக மணத்துக்குக் காரணமான எண்ணெய் இருக்கிறது, பெருமளவு மாவுச்சத்து இருக்கிறது. அம்மியில் அரைக்கும்போது இவை அத்தனையும் தோலுக்கு வருகின்றன. எத்தனாலில் ஊறவைக்கும்போது மாவு வடிகட்டியிலேயே தங்கிவிடும். குர்குமினும் எண்ணெயின் ஒரு பகுதியும் சாற்றுக்கு வரும். பிறகு எத்தனாலை ஆவியாக்கும் சூட்டில் மணம் குறையும். ஆகவே ஜெல்லுக்குள் போவது மஞ்சளின் ஒரு பகுதி மட்டுமே.

இந்த இடத்தில் ஒரு முரண் வருகிறது. குர்குமின் தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். பற்றில் இருக்கும் தண்ணீர் அதைக் கரைப்பதில்லை. கிழங்கின் சொந்த எண்ணெயும், சிலர் குழைத்துக்கொள்ளும் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோதான் அதைத் தோலோடு சேர்க்கின்றன. ஜெல்லோ பெரும்பாலும் தண்ணீர்தான். புரோபிலீன் கிளைக்கால் சேர்த்துக் கரைத்த சாறு அந்த நீர்ப்பரப்பில் விழுந்ததும், சில கலவைகளில் குர்குமின் மணல்போலப் பிரிந்துவிடும். கண்ணுக்கு ஜெல் ஒரே சீராகத் தெரியும். கண்ணாடி ஸ்லைடில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் மஞ்சள் துகள்கள் தெரியும். கரையாத துகள் தோலுக்குள் போகாது. இந்தப் பரிசோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். ‘சீராக உள்ளது’ என்று வெறுங்கண்ணால் பார்த்து எழுதிவிட்டு நகர்வது பெரிய இழப்பு.

இரண்டாவது சிக்கல் காரம். கார்போபால் என்பது பாலிஅக்ரிலிக் அமிலம். தண்ணீரில் தூவி ஊறவிட்டால் புளிப்பான, நீர்த்த கரைசலாகவே கிடக்கும். ட்ரைஎத்தனாலமைன் என்ற காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் சட்டென்று கெட்டிப்பட்டு ஜெல்லாகும். குர்குமினுக்கோ காரம் ஆகாது. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், பிஎச் 7.2-இல், உடல் சூட்டில், நீர்க்கரைசலில் இருந்த குர்குமினில் சுமார் 90 சதவீதம் அரை மணி நேரத்தில் சிதைந்தது. புளிப்பான கரைசலில் இந்தச் சிதைவு மிக மெதுவாகவே நடந்தது. ஜெல்லைக் கெட்டியாக்க விடும் சொட்டே மருந்தைக் கெடுக்கும் சொட்டாகவும் ஆகிவிடலாம். பிஎச் 5.5 அளவில் நிறுத்தினால் ஜெல் போதிய அளவு கெட்டிப்படும். தோலின் இயல்பான புளிப்புக்கும் அதுவே பொருந்தும். அழகாக நிற்க வேண்டும் என்று 7-ஐத் தாண்டுவது தவறு.

காரத்தை மஞ்சள் எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பது நம் ஊர்ப் பெண்களுக்குப் புதிதல்ல. அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயில் வாசலில் மஞ்சளும் குங்குமமும் ஒரே தட்டில் இருக்கும். பழைய முறையில் குங்குமம் என்பது வெங்காரத்தாலோ சுண்ணாம்பாலோ சிவந்த மஞ்சள்தான். சுளுக்குக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துப் போடும் பற்று சிவப்பதும் இதே வேதியியல். கிண்ணத்தில் ஜெல் செம்பழுப்பாக மாறினால், பிஎச் மீட்டரை எடுக்கும் முன்பே தவறு தெரிந்துவிடும்.

அரைத்த பற்றுக்கு இந்தக் கவலை இல்லை. பத்து நிமிடத்துக்கு முன் அரைத்தது, இன்றைக்கே பூசி, இன்றைக்கே கழுவிவிடுவது. அதன் குறை வேறிடத்தில். பற்று வீட்டுக்கு வீடு மாறும், கிழங்குக்குக் கிழங்கு மாறும். விரலி மஞ்சளா குண்டு மஞ்சளா, பாப்பிரெட்டிப்பட்டி வயலில் வெட்டியதா, கடையில் வாங்கிய பொடியா, கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் கிடைத்த வேறேதோ கிழங்கா, எதுவும் நிச்சயமில்லை. கடைப்பொடியில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்த நிகழ்வுகள் உண்டு. வங்கதேசத்தில் 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு கடுமையாக நடவடிக்கை எடுத்தபின் 2021-இல் அது பூஜ்யமானது. தவிர, மண்ணுக்குள் விளையும் கிழங்கில் நுண்ணுயிர் வித்துகள் ஒட்டியிருக்கும். திறந்த புண்ணிலும், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியிலும் அரைத்த மஞ்சள் வைக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். இதில் நான் எந்தச் சமரசத்துக்கும் தயாரில்லை.

இந்த இடத்தில்தான் ஜெல்லின் உண்மையான மேன்மை தெரிகிறது. அதில் மஞ்சள் கூடுதலாக இல்லை, பெரும்பாலும் குறைவுதான். ஆனால் இருப்பது எவ்வளவு என்று சொல்ல முடியும். ஒரு கிராம் ஜெல்லை எத்தனாலில் கரைத்து, 425 நானோமீட்டர் அருகே ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் வைத்தால் குர்குமின் அளவு வந்துவிடும். 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் மாதக்கணக்கில் வைத்து, அது எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கலாம். வெயிலில் மட்டும் வைக்கக் கூடாது. துணியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் காய்ந்தால் வெளுப்பதைப் பார்த்திருக்கிறோம். ஜெல்லிலும் ஒளி அதைத்தான் செய்யும். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டப்பாவில் பளிச்சென்று காட்சிக்கு வைக்கும் மஞ்சள் ஜெல், கடை அலமாரியிலேயே வீரியம் இழந்துவிடும். அலுமினியக் குழாய்தான் அதற்கு ஏற்றது.

மாணவர்கள் செய்யும் மற்ற சோதனைகளில் பலவும் ஜெல்லின் அடிப்பொருளைப் பற்றியவை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஜெல்லை வைத்து, எடை கட்டி இழுத்து, எவ்வளவு தூரம் எத்தனை விநாடியில் நழுவுகிறது என்று பார்க்கிறார்கள். பாகுத்தன்மை, குழாயிலிருந்து பிதுங்கும் தன்மை, நிறம், மணம் எல்லாம் குறிக்கிறார்கள். இவை தேவைதான். ஆனால் மஞ்சளே சேர்க்காத கார்போபால் ஜெல்லும் இந்தத் தேர்வுகளில் தேறிவிடும். ஊடுருவல் சோதனையோ பல இடங்களில் செல்லோபேன் தாளிலும் முட்டைச் சவ்விலும் நடக்கிறது. தோலில் தடையாக நிற்பது மேலே இருக்கும் இறந்த செல்களின் அடுக்கு. அது அந்தச் சவ்வுகளில் கிடையாது. அங்கே கிடைக்கும் அழகான ஏறுகோடு தோலைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது.

மனிதத் தோலில் நடந்த ஆய்வுகளையும் இதேபோல் இரண்டு பக்கமாக வைத்துப் பார்க்கலாம். பற்றின் பக்கம், 1992-இல் வெளியான ஒரு முன்னோடி ஆய்வு. சித்த, ஆயுர்வேத வழக்கைப் பின்பற்றி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த பற்றைச் சொறிசிரங்கு உள்ள 814 பேருக்குப் பூசினார்கள். 97 சதவீதம் பேருக்கு 3 முதல் 15 நாளில் குணமானது. அதில் வேம்பின் பங்கு எவ்வளவு, மஞ்சளின் பங்கு எவ்வளவு என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. சாற்றின் பக்கம், கேரளத்தில் ராமதாசன் குட்டன் குழுவினர் 1987-இல் வெளியிட்டது. வெளிப்புறப் புற்றுப்புண் உள்ள 62 பேருக்கு மஞ்சளின் எத்தனால் சாற்றையும் குர்குமின் களிம்பையும் பயன்படுத்தினார்கள். 90 சதவீதம் பேரிடம் புண்ணின் நாற்றம் குறைந்தது, ஏறக்குறைய எல்லோருக்கும் அரிப்புத் தணிந்தது. புண்ணின் அளவு குறைந்தது 10 சதவீதம் பேருக்குத்தான். பக்கவிளைவு கண்டது ஒருவருக்கு. மங்களூரில் 2014-இல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும் 50 பேரிடம் மஞ்சளும் சந்தன எண்ணெயும் கலந்த கிரீமைக் குழந்தை எண்ணெயோடு ஒப்பிட்டார்கள். கிரீம் பூசியவர்களின் தோல் குறைவாகவே வெந்தது.

நம்பிக்கை தரும் முடிவுகள்தான். ஆனாலும் 2017-இல் அமெரிக்க வேதியியலாளர்கள் குர்குமின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, சோதனைக்குழாயில் எல்லா நோய்க்கும் வேலை செய்வதுபோல் காட்டி ஏமாற்றும் பொருள் இது என்று எச்சரித்தார்கள். அகர் தட்டில் ஜெல்லைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழுந்ததும் ‘கிருமி நாசினி’ என்று அட்டையில் அச்சடிக்க நினைப்பவர்களுக்கு இது நினைவில் இருக்கட்டும். எத்தனாலும், ஜெல் கெடாமலிருக்கச் சேர்க்கும் பாரபனும் தனியாகவே அந்த வட்டத்தை உண்டாக்கக் கூடியவை.

மஞ்சளுக்காக நாம் ஒருமுறை வாதாடியும் இருக்கிறோம். புண்ணாற்ற மஞ்சள் பயன்படும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டது. நம் அறிவியல், தொழிலக ஆய்வுக் கழகமான சிஎஸ்ஐஆர் அதை எதிர்த்து, பழைய நூல்களையும் 1953-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ இதழ்க் கட்டுரையையும் காட்டியது. 1997-இல் காப்புரிமை ரத்தானது. அன்று வென்றது அம்மி மஞ்சள். இது எங்களுக்கு முன்பே தெரியும் என்று நிறுவினோம். எவ்வளவு பலிக்கும் என்று அளக்கும் வேலை பாக்கி இருக்கிறது.

அந்த வேலைக்கு இந்த மாவட்டத்திலேயே வழி உண்டு. நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, விருப்பமுள்ளவர்களின் முன்கையில் நான்கு சிறு கட்டங்கள் வரையட்டும். ஒன்றில் தண்ணீரில் அரைத்த பற்று, அடுத்ததில் எண்ணெயில் குழைத்த பற்று, மூன்றாவதில் மஞ்சள் ஜெல், நான்காவதில் மஞ்சள் சேராத வெறும் ஜெல். பற்றைக் கல்லூரி மிக்ஸியில் அடிக்க வேண்டாம். அதியமான்கோட்டையில் வழக்கமாக அரைக்கும் பெண்களே அவர்கள் கைப்பக்குவத்தில் அரைக்கட்டும், அதில் ஒரு பகுதியை எடுத்துக் குர்குமின் அளவைக் குறித்துக்கொள்ளட்டும். ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்துவிட்டு, ஒட்டுநாடாவை ஒவ்வொரு கட்டத்திலும் பதினைந்து இருபது முறை ஒட்டி உரித்தால் தோலின் இறந்த அடுக்கு ஏடு ஏடாக வரும். ஒவ்வொரு நாடாவையும் எத்தனாலில் ஊறவைத்து அதே ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் அளந்தால், எந்தக் கட்டத்தில் குர்குமின் எத்தனையாவது ஏடு வரை இறங்கியது என்று தெரியும். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பற்றே ஜெல்லைவிட ஆழமாக இறங்கியிருக்கும் என்பது என் ஊகம். அப்படி வந்தால் தண்ணீர் ஜெல்லை விட்டுவிட்டு எண்ணெய் கலந்த குழம்பு ஜெல்லுக்கு மாணவர்கள் மாற வேண்டும். ஊகம் பொய்த்தால் ஜெல் குழாயை அந்தப் பெண்களிடமே காட்டி, எண்களோடு பேசலாம்.