மரம் அறுத்த மனிதர்

வைத்திய சரித்திரத்தில் பேரில்லாத ஒரு மனிதர் வருகிறார். லண்டனில் புகழ்பெற்றிருந்த டாக்டர் வில்லியம் ஹெபர்டன் அவரைப் பற்றி எழுதியது ஒரே வாக்கியம். மார்வலிக்காரர், தினம் அரை மணி மரம் அறுப்பதென்று தமக்குத் தாமே வேலை வைத்துக்கொண்டார், அநேகமாகக் குணமாகிவிட்டார். ஹெபர்டன் காலமான மறு வருஷம், 1802-ல், வெளிவந்த புத்தகத்தில் இது இருக்கிறது.

கதை எழுதுகிற எனக்கு இவரை விட்டு நகர மனம் வருவதில்லை. முதல் நாள் ரம்பத்தை எடுத்தபோது கை நடுங்கியிருக்காதா? வீட்டார் தடுத்திருக்க மாட்டார்களா?

1854-ல் டப்ளின் டாக்டர் வில்லியம் ஸ்டோக்ஸ், இருதய நோயாளிகள் சிலருக்கு நடையையே மருந்தாகச் சொன்னார். முதலில் சமதரை, பழகப் பழக மேடு. ஆனால் இருபதாம் நூற்றாண்டு பயந்துவிட்டது. 1939-ல் பாஸ்டனில் பால் டட்லி ஒயிட்டும் சகாக்களும், இருதயத்தில் செத்த தசை தழும்பாக இறுகப் பல வாரம் பிடிக்குமென்று கண்டார்கள். படுக்கைக் கட்டளைக்கு அது பலமாயிற்று. ஆறு வாரம் அசையக்கூடாது. சோற்றைக் கூட நர்ஸ்தான் ஊட்டுவாள். அசையாத காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் அடைத்துச் செத்தவர்கள் உண்டு. மனம் உடைந்தவர்களோ எத்தனையோ பேர்.

அதே பாஸ்டனில் சாமுவேல் லெவைன் என்பவர், நோயாளிகளைச் சீக்கிரமே தூக்கிச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார். பெர்னார்ட் லவுனுடன் சேர்ந்து, 81 பேரின் அனுபவத்தை 1952-ல் வெளியிட்டார். வெறும் நாற்காலிதான். ஆனால் மல்லாந்து கூரையைப் பார்த்துக் கிடந்தவன் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறான். 'நாம் பிழைத்துவிட்டோம்' என்று தோன்றிவிடுகிறது.

1955 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தது. பார்க்க வந்தவர் அதே ஒயிட். ஆயுள் முழுவதும் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. நோயாளி மறு வருஷம் கோல்ஃப் ஆடினார்; தேர்தலிலும் ஜெயித்தார்.

இன்று மாரடைப்புக்குப் பின் நடக்கச் சொல்வது சாதாரணம். சீட்டில் எழுதுவது டாக்டருக்குச் சுலபம். மாடிப்படியில் மூச்சு வாங்கும்போது, 'இது நடையா, நோயா?' என்று திகைப்பவன் நோயாளி. அந்தப் பயத்தோடேயே அடுத்த படியில் கால் வைக்கிறானே, அவனும் மரம் அறுத்தவரின் வம்சம்தான்.