மலையைக் கடலுக்கு இழுத்தவர்

கூலியை மிச்சம் பிடிக்கலாமென்று ஒருமுறை நானே ஒரு நாற்காலி செய்தேன். மூன்று கால்கள் தரையைத் தொட்டன. நான்காவது கால் கடைசிவரை தொடவே இல்லை. முடிவில் ஆசாரியைக் கூப்பிட்டுக் கூலியும் கொடுத்தேன், வீணான பலகைக்குத் தண்டமும் அழுதேன். அந்த அவமானத்தில் எனக்கு ஆறுதலாக நினைவுக்கு வந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். அவர் தாமே செய்யப் புறப்பட்டது நாற்காலி அல்ல, இரும்பு!

ஏற்காட்டில் லேடீஸ் ஸீட் முனையில் நின்றால் சேலம் நகரம் காலடியில் விரிந்து கிடக்கும். வானம் தெளிவாக இருந்தால் தென்மேற்கே கஞ்சமலையும் தெரியும். 1820-களில் இந்தச் சீமையில் இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு இரண்டு ஆசைகள் பிறந்தன. கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைமேல் காப்பிச் செடி வைத்துப் பார்த்தார். கம்பெனி உத்தியோகஸ்தரான ஹீத்தின் கண்ணோ அடிவாரத்து இரும்புக் கல்லின்மேல் விழுந்தது.

அந்தக் கல்லை நம் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக உருக்கி வந்தார்கள். ஆள் உயரம்கூட இல்லாத களிமண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, பக்கத்துக் காட்டுக் கரி. அப்படி எடுத்த இரும்பைத் துண்டாக்கி, ஆவாரங்குச்சியோடு சிறு மண் குகையில் இட்டு, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயடைத்துச் சுட்டால் எஃகு! இந்த முறையை வியந்து எழுதி வைத்தவர் ஹீத்தேதான்.

வியந்தவர் அதைக் கற்றுக்கொண்டாரா? இல்லை. இங்கிலாந்தைப் போல் பெரிய உலைகள் வேண்டும் என்றார். உத்தியோகத்தை உதறினார். சென்னை அரசாங்கம் கடனும் தந்தது, பெரிய அளவில் இரும்பு காய்ச்சும் தனி உரிமையும் தந்தது. 1830-ல் பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் உலைகள் எழுந்தன.

கல் சேலத்தில்; உலை கடலோரத்தில். நடுவே நூறு மைலுக்கு மேல்! வண்டியிலும் பரிசலிலும் மலையைத் துண்டு துண்டாக இழுத்து வந்தார்கள். ஒரு டன் இரும்புக்குப் பல டன் கரி வேண்டும். உலை எரிய எரியக் காடு விலகிப் போயிற்று. காடு விலக விலகக் கரியின் விலை ஏறிற்று. சேலத்து உலைக்காரன் கல்லும் கரியும் இருக்கும் இடத்துக்குத் தன் உலையைக் கொண்டுபோனான். துரையோ உலையை நட்டுவிட்டு மலையையும் காட்டையும் அதனிடம் வரச் சொன்னார். அவரது கைப்பணமும் போயிற்று, அரசாங்கக் கடனும் கரைந்தது. 1833-லும் 1853-லும் புதுப்புதுக் கம்பெனிகள் தூக்கி நிறுத்திப் பார்த்தும் உலைகள் நிலைக்கவில்லை.

ஹீத்தின் துயரம் அதோடு தீரவில்லை. இங்கிலாந்து திரும்பியவர், எஃகு காய்ச்சும்போது மாங்கனீஸ் சேர்த்தால் மட்டமான இரும்பும் நல்ல எஃகாகும் என்று கண்டார். 1839-ல் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டில் எஃகு விலை இறங்கிற்று, ஆலைக்காரர்கள் கொழுத்தார்கள். ஆனால் அதே சரக்கைச் சற்று வேறு விதமாகச் சேர்த்துவிட்டு, அவருக்குப் பணம் தர மறுத்தார்கள். வழக்கு வருஷக்கணக்காக நடந்தது. 1851-ல் ஹீத் இறந்தார். 1855-ல் பிரபுக்கள் சபையின் தீர்ப்பும் அவர் பக்கத்துக்கு விரோதமாகவே வந்தது.

நம் உலைக்காரர்கள் பிழைத்தார்களா? அதுவும் இல்லை. சீமை இரும்பு மலிவாக வந்து இறங்கியது. துருத்திகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தோற்ற ஹீத்துக்குச் சரித்திரத்தில் பெயராவது இருக்கிறது. தோற்காத வித்தை தெரிந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

1970-ல் கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1981-ல் அங்கே துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் வெளிவரலாயின. கஞ்சமலைக் கல்லை அந்த ஆலை உருக்குவதில்லை என்பதுதான் வேடிக்கை. காக்பர்னின் காப்பிச் செடியோ மலைமேல் இன்றும் காய்க்கிறது. மண்ணுக்கு எது ஒத்துவரும் என்று அவர் செடியை வைத்துத்தான் கேட்டார். அடுத்த முறை உளியைத் தொடுமுன் நானும் ஆசாரியை ஒரு வார்த்தை கேட்பதாக இருக்கிறேன்.