நாட்டுத் தக்காளிக்கு எந்த நாடு?

கோயம்பேட்டு விலைப்பட்டியலில் தக்காளிக்கு இரண்டு வரி இருக்கும்: நாட்டுத் தக்காளி, நவீன் தக்காளி. நவீன் என்பது ஒரு வீரிய ஒட்டு ரகத்தின் பெயர். போகப்போக, தோல் தடித்து ஒரே சிவப்பாக இருக்கும் எல்லாப் பழத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. அது சரி, மற்றதற்கு ‘நாட்டு’ எப்படி வந்தது? ஆண்டிஸ் மலைப்பகுதியில் காட்டுச்செடியாக இருந்து, மெக்சிகோவில் பயிராகி, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு ஐரோப்பா போய், அப்புறம் கப்பலேறி இங்கே வந்த பழம் அது.

தமிழில் அதற்குச் சீமைத்தக்காளி என்று பெயர் இருந்தது. தக்காளி என்ற சொல் நம்மிடம் முன்பே உண்டு. மணத்தக்காளியும், காகிதம் போன்ற உறைக்குள் காய்க்கும் சிறுதக்காளியும் இந்த மண்ணில் தக்காளிக்கு மூத்தவை. வந்தவனுக்கு உள்ளூர்ச் சொந்தக்காரன் பெயரை வைத்து, முன்னால் ‘சீமை’ சேர்த்துவிட்டார்கள்.

அந்தச் ‘சீமை’ உதிர்ந்து ‘நாட்டு’ ஒட்டிக்கொண்டதற்கு விதைதான் காரணம் என்று நினைக்கிறேன். தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. அதனால் நல்ல செடியின் விதையை எடுத்து வைத்தால் அடுத்த போகமும் ஏறக்குறைய அதே செடிதான். இப்படி விவசாயிகள் கைமாற்றிக் காப்பாற்றிய உள்ளூர் ரகங்களில் ஒன்று அன்னஞ்சி. தேனிக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஓர் ஊரும் இருக்கிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அந்த அன்னஞ்சியில் சடுதிமாற்றத்தைத் தூண்டி உருவாக்கியதுதான் பி.கே.எம். 1. பி.கே.எம். என்றால் பெரியகுளம். தட்டை உருண்டை, காயில் காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள், 135 நாள் பயிர்.

திண்டுக்கல் பக்கம் என் மாமா அரை ஏக்கரில் இதைத்தான் போடுகிறார். நோயில்லாத செடியில் நன்கு பழுத்ததைப் பறித்து, பிசைந்து, ஒரு நாள் புளிக்க விடுவார். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு கரைந்தால்தான் முளைப்பு ஒழுங்காக வரும். அலசினால் நல்ல விதை அடியில் தங்கும். நிழலில் காயவைத்து எடுத்து வைப்பார். மேட்டுப்பாத்தியில் விதைத்து இருபத்தைந்தாம் நாள் நாற்றைப் பிடுங்கி நடுவார்.

“ஏன் மாமா, ஒட்டு ரகம் போட்டா அதிகம் காய்க்கும்ல?”

“காய்க்கும் மாப்ள. அதுக்குக் குச்சி நடணும், கம்பி கட்டணும், சொட்டுநீர் போடணும். வெல விழுந்தா பறிப்புக் கூலியே தேறாது. இதுன்னா வெதயாவது என்னுது.”

1973இல் பெங்களூரின் இந்தோ-அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ் ‘கர்நாடகா’ என்ற ஒட்டுத் தக்காளியைக் கொண்டுவந்தது. ஒட்டு ரகத்தில் எடுத்த விதையைப் போட்டால் அடுத்த தலைமுறை ஆளுக்கொரு ஜாடையில் வரும். ஆகவே ஒவ்வொரு போகமும் பாக்கெட் வாங்க வேண்டும். எங்கள் தொழிலில் இதற்குச் சந்தா என்று பெயர். ஆனால் இங்கே பூட்டு ஒப்பந்தத்தில் இல்லை, மரபணுவிலேயே இருக்கிறது. வாங்குகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ் வந்தால் மாமாவின் வயல் தாங்காது. தாங்குகிற ஒட்டு ரகங்கள் இருக்கின்றன.

பச்சைத் தோளுக்கும் ஒரு கதை உண்டு. பழம் எங்கும் ஒரே சீராகப் பழுக்க வேண்டும் என்று உலகெங்கும் பயிர் வல்லுநர்கள் அதை ஒதுக்கிக்கொண்டே வந்தார்கள். 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, அப்படி ஒதுக்கியதில் என்ன போனது என்று காட்டியது: அந்தப் பச்சையை உண்டாக்கும் மரபணுதான் காய்க்குள் பசுங்கணிகங்களைப் பெருக்கிப் பழத்தில் சர்க்கரையைக் கூட்டுகிறது.

மாமாவிடம் சொன்னேன். “ரசம் வச்சுப் பாத்தாலே தெரியுமே மாப்ள, இதுக்கு ஆராய்ச்சியா?” என்றார்.